தலை திருப்பிய மரவாத்து

அப்பாவை அடக்கம் பண்ணிவிட்டு வந்த கையோடு, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் அவருடைய மரவாத்துகளை மேஜைமேல் அடுக்கிக்கொண்டிருந்தாள் ஜோலீன். பறக்கும் நிஜ வாத்துகளை ஏமாற்றித் தண்ணீருக்கு வரவழைக்க வேட்டைக்காரர்கள் ஏரியில் மிதக்கவிடும் பொம்மைகள் அவை. செத்தவர் ஆசையாகச் சேர்த்ததைச் சாப்பாட்டு வேளையில் பார்வைக்கு வைப்பது அந்த விஸ்கான்சின் ஊரில் வழக்கம்.

காபிக் கூஜாவோடு வந்த வெர்னா, தலையைப் பின்பக்கம் திருப்பியிருந்த வாத்தின் முன்னால் நின்றுவிட்டாள்.

"இது எங்க மாமனார் செதுக்கினது, கண்ணு. எங்க வீட்டுக்காரர் போனப்புறம் கொட்டகையைக் காலி பண்ண ஆளில்லாம தவிச்சேன். உங்கப்பாதான் வந்தாரு. 'அடுப்பெரிக்கத்தான் ஆகும்'னு சொல்லி, வேணாம் வேணாம்னாலும் இருபது டாலரைக் கையில திணிச்சாரு. எரிக்காம பத்திரமா வச்சிருக்காரே! என்ன மனுஷன்!"

ஜோலீன் அடுக்குவதை நிறுத்தினாள். வருஷா வருஷம் நன்றித் திருநாள் விருந்தில் அப்பா சொன்ன கதை இது. வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். விற்றவள் யாரென்று அவர் சொன்னதில்லை. இவர்களும் கேட்டதில்லை.

அதற்குள் அண்ணன் டுவெய்ன் மைக்கைப் பிடித்துவிட்டான்.

"அப்பாவோட வாத்துக் கதை தெரியாதவங்க யாராவது இருக்கீங்களா?"

ஓடிப்போய் அவன் வாயைப் பொத்தியிருக்கலாம். இத்தனை பேர் நடுவிலா என்று தயங்கினாள். தயங்கியது மட்டுமா, முகத்தில் ஒரு சிரிப்பை வேறு ஒட்டிவைத்துக்கொண்டு நின்றாள்! சீ!

"யாரோ ஒரு விதவை. வாத்தைப் பார்த்ததும் அப்பாவுக்குக் கை நடுங்குது. கையைச் சட்டைக்குள்ள ஒளிச்சுக்கிட்டு, 'அடுப்பெரிக்க ஆகும்'னாரு பாருங்க! அதை வித்தா ஒரு காரே வாங்கலாம்! அந்தம்மா அவருக்கு நன்றி சொல்லி, கேக் வேற வெட்டிக் குடுத்துச்சாம்!"

கூடம் அதிரச் சிரித்தார்கள். வெர்னா அடுத்த கோப்பையில் காபியை ஊற்றினாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

கூட்டம் கலைந்ததும் ஜோலீன் வாத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

"வெர்னாம்மா, இதை நீங்களே வச்சுக்குங்க."

"எதுக்கு? உங்கப்பா கேட்டாரு, நான் குடுத்தேன். முடிஞ்சு போச்சு."

"உங்ககிட்டதான் வாங்கினாருன்னு எனக்குச் சத்தியமா தெரியாது."

"கதை தெரியும்ல?"

ஜோலீன் தலை குனிந்தாள். மானம் போயிற்று. அப்பாவுடையது மட்டும் அல்ல.

சாவு வீட்டுக்குச் சாப்பாடு போகும் பாத்திரத்தில் கொடுத்தவர் பெயரை ஒட்டியிருப்பார்கள். அதைக் கழுவித் திருப்பிக் கொடுக்கப் போகும் சாக்கில், உட்கார்ந்து ஒரு வாய் காபி குடித்து, நாலு வார்த்தை பேசிவிட்டு வருவது அங்கே முறை. வெர்னா தன் பாத்திரத்தில் மிச்சப் பன்றிக்கறியை அடுக்கி, மூடினாள். பக்கவாட்டில் ஒட்டியிருந்த தன் பெயரை நகத்தால் கீறி உரித்தெடுத்தாள்.

"ராத்திரிக்குச் சாப்பிடுங்க. பாத்திரத்தைத் திருப்பிக் கொண்டுவர வேணாம்."

ஒரு கையில் வாத்து, ஒரு கையில் சூடான பாத்திரம். கதவைத் திறக்க ஜோலீனுக்குக் கை இல்லை. வெர்னாதான் வந்து திறந்துவிட்டாள்.