கடலன்னை பேர் மட்டும் மிஞ்சிய டிஸ்க்

கிட்ட வாங்க, கண்ணுகளா. முக்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். கல்லில் கிடக்கும் சிப்பி அடை வேகுமுன் ஒரு கதை சொல்லி முடிக்கிறேன். பேய்க்கதை இல்லை, ராஜா கதையும் இல்லை. இதே லூகாங் ஊர்க் கடலன்னை கோயில் முற்றத்தில், என் கடைக்கு எதிரில் நடந்தது. கேட்டு எழுந்திருக்கும்போது உங்கள் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்திருக்கும். அதற்கு நான் பொறுப்பு.

மேகவாசல் பொம்மைக் குழுவின் மேடை ஒரு லாரி. பக்கப் பலகையை இறக்கினால் தங்கச் சாயம் பூசிய அரண்மனை எழுந்து நிற்கும். பொம்மைக்குள் கைவிட்டு ஆட்டுகிறவர் ஹோக்லாய். வசனமெல்லாம் அவர் மனைவி சியூகிம் பேசிப் பதிவு செய்து வைத்தவை. கிழவன், குமரி, மந்திரி, பேய் எல்லாரும் அவள் தொண்டைதான். சண்டைக்கு ஒன்று, அழுகைக்கு ஒன்று, குடிகாரன் நடைக்கு ஒன்று என்று அவள் குரலும் மேளமும் இசையுமாக நூற்றுக்கணக்கான துண்டுகள் ஒரு டிஸ்க்கில் இருந்தன. எந்த நேரத்தில் எதைத் தட்டிவிட வேண்டும் என்பது மருமகள் பெக்ஹூனின் வேலை.

சியூகிம் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. எந்த ஃபைலானாலும் அதன் பேர் கடலன்னையின் முழுப் பட்டத்தோடுதான் தொடங்க வேண்டும். நம் அன்னையின் பட்டம் தெரியுமே, அறுபது எழுத்தைத் தாண்டும். அதற்குப் பின்னால் கோயில் பேர், குழுவின் பேர், அதையெல்லாம் தாண்டி, வால் நுனியில், ‘குடிகாரன் நடை.’

"அத்தே, சுருக்கி வச்சா என்ன?" என்று பெக்ஹூன் ஒருமுறை கேட்டாள்.

"ராஜாக்க ஒவ்வொருத்தரா வந்து சேத்துக் குடுத்த பட்டம்டி. அதை வெட்ட நீ எந்த ஊரு ராணி?"

பெக்ஹூன் பட்டத்தை முழுதாகவே தட்டி வைத்தாள்.

அன்னையின் பிறந்தநாளுக்கு முற்றத்தில் இரண்டு மேடைகள் எதிரும் புதிருமாக நின்று மோதும். எந்த மேடைக்குக் கோயில்காரர்கள் செம்பட்டு கட்டுகிறார்களோ, அந்தக் குழுவுக்குத்தான் அடுத்த ஆண்டு சந்நிதிக்கு நேரே நிற்கும் இடம். போன முறை அதைத் தெங்சூவின் வெள்ளிநாகக் குழு பறித்துக்கொண்டது. மேகவாசலின் பழைய ஒலிப்பெட்டி கரகரத்ததுதான் காரணம் என்று சொல்லி, பெக்ஹூன் மன்றாடிப் புது ஒலிப்பெட்டி வாங்க வைத்தாள்.

"வாங்கலாம். ஆனா இது சொதப்பிச்சுன்னா, நீ அந்தச் சவுண்டு மேசையை விட்டு எறங்கிடணும். பொம்மைக்குச் சட்டை தைக்கலாம். சம்மதமா?" என்றாள் சியூகிம்.

"சம்மதம் அத்தே."

திருநாளன்று மதியம் பெக்ஹூன் டிஸ்க்கைப் புதுப் பெட்டியில் சொருகினாள். இந்த டிஸ்க்கின் அமைப்பு பழையது, என் முறைக்கு மாற்றிக்கொள்ளட்டுமா என்று பெட்டியின் திரை கேட்டது. ஃபைல்கள் பத்திரம் என்றும் போட்டிருந்தது. ‘ஆம்’ என்று அழுத்தினாள். ஃபைல்கள் பத்திரமாகத்தான் வந்தன. ஆனால் புது முறையில் பேரின் நீளத்துக்கு ஓர் எல்லை உண்டாம். எல்லை தாண்டிய வாலையெல்லாம் பெட்டி நறுக்கித் தள்ளிவிட்டது.

திரை முழுக்கக் கடலன்னை பட்டம், கோயில் பேர், குழுவின் பேரில் பாதி, ஓர் எண். அடுத்ததும் அப்படியே. எது சண்டை, எது தாலாட்டு? வேறு நகல் இருந்த டிஸ்க் போன புயலில் உப்புத்தண்ணீர் குடித்துச் செத்திருந்தது.

நான் அவர்களுக்கு அடை கொண்டுபோன நேரம் அது. பெக்ஹூன் முகம் அரிசிமாவாக வெளுத்திருந்தது.

எதிர் மேடையிலிருந்து தெங்சூ ஒலிபெருக்கியிலேயே கத்தினான்: "என்ன ஹோக்லாய் அண்ணே, பொம்மைக்கெல்லாம் தொண்டை கட்டிக்கிச்சா? இஞ்சித் தண்ணி குடுத்து அனுப்பவா?"

"நீயே குடிடா! சாயந்தரம் அழும்போது தேவைப்படும்!" என்று சியூகிம் திருப்பிக் கொடுத்தாள். பிறகு மருமகள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "ஒப்பந்தம் ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு அத்தே. ஆட்டம் முடியட்டும், எறங்கிடறேன். அதுவரைக்கும் இது என் மேசை."

அப்படிச் சொன்ன பெண்ணை நான் முதல்முறை நிமிர்ந்து பார்த்தேன்.

முதலில் வர வேண்டியது தேவர்கள் இறங்கி வந்து வாழ்த்தும் காட்சி. அந்த இடத்தில் அழுகை ஒலித்தால் ஊருக்கே ஆகாது. ஒவ்வொன்றையும் முழுதாகக் கேட்டுக்கொண்டிருக்கவும் பொழுதில்லை. ஒரு துண்டை ஓடவிட்டாள். மேளம் ஒரே ஓர் அடி. "மாமா, இது எது?" ஹோக்லாய் விழித்தார். "இரும்மா, யோசிக்கிறேன்." வாய் யோசித்துக்கொண்டிருக்க, மடியில் கிடந்த அவர் கை தானாகத் தள்ளாடியது.

பெக்ஹூன் அதைப் பார்த்துவிட்டாள். "குடிகாரன் நடை!"

"அட, ஆமா!"

"மாமா, நீங்க யோசிக்காதீங்க. கையை மட்டும் சும்மா விடுங்க."

அப்புறம் பார்க்க வேண்டுமே! ஓர் அடி மேளம், விரல் வாளை உருவும். ‘சண்டை’ என்று புதுப் பேர் தட்டுவாள். ஓர் இழுப்பு வயலின், மணிக்கட்டு முகத்தை மூடும். ‘அழுகை.’ சிறு மணி, இரு கையும் கூடி வணங்கும். தேவர்கள் கிடைத்துவிட்டார்கள்!

சியூகிம் திரையை எட்டிப் பார்த்தாள். "அன்னை பட்டம் எங்கடி? வெறும் ‘சண்டை’ன்னு போட்டிருக்கே!"

பெக்ஹூன் கையை நிறுத்தவில்லை. "வெளிய பாருங்க அத்தே. முழுப் பட்டத்தையும் ஒரு எழுத்து விடாம ஃபோல்டருக்குப் பேரா வச்சிருக்கேன். எல்லாம் அதுக்குள்ளதான். கோயில் வாசல்லதானே பட்டம் எழுதியிருக்கு? உள்ள இருக்கிற ஒவ்வொரு விளக்குலயுமா எழுதியிருக்காங்க?"

சியூகிம் வாசல் பக்கம் திரும்பிக் கோயில் பலகையைப் பார்த்தாள். "தள்ளி உக்காரு," என்றாள்.

ஆட்டம் தொடங்கும்போது பாதித் துண்டுகளுக்குத்தான் பேர் கிடைத்திருந்தது. ஹோக்லாயின் கைகள் இனி மேடைக்குச் சொந்தம். அதனால் சியூகிம் ஒரு காதிலும் மருமகள் ஒரு காதிலும் ஒரே ஹெட்போனைப் பகிர்ந்து மாட்டிக்கொண்டார்கள். மேடையில் தேவர்கள் வாழ்த்திக்கொண்டிருக்க, மேசையில் அடுத்த காட்சியைத் தேடினார்கள். தன் குரலின் முதல் மூச்சைக் கேட்டதுமே சியூகிம் சொல்லிவிடுவாள்: "இது மந்திரி. இது பேய். அட, இது நான் சளி பிடிச்சப்ப பேசினது, தள்ளு தள்ளு!"

கடைசியாகக் குடும்பம் ஒன்றுசேரும் காட்சி மட்டும் சிக்கவில்லை. மேடையில் தாயும் மகனும் எதிரெதிரே வந்து நின்றுவிட்டார்கள். முற்றம் அமைதியானது. எதிர்ப்பக்கம் தெங்சூ சிரிக்கத் தொடங்கினான். பெக்ஹூன் ஒரு துண்டைத் தொட்டாள், அது மழை. அடுத்தது குதிரை. மூன்றாவதில் ஒரு மூச்சு. இருவரும் ஒரே நேரத்தில் தலையசைத்தார்கள்.

"மகனே!" என்று முற்றம் முழுக்க ஒலித்தது சியூகிம் குரல். அந்த அமைதிக்குப் பிறகு வந்ததால் அது சனங்களின் நெஞ்சில் போய் இறங்கியது. எதிர் மேடையின் முன்னால் நின்றவர்கள்கூட இந்தப் பக்கம் நகர்ந்து வந்தார்கள். என் கல்லில் அடை கருகியது. கருகட்டும் என்று விட்டுவிட்டேன்.

செம்பட்டு மேகவாசலுக்குக் கட்டப்பட்டது. தெங்சூ வந்து தலையைச் சொறிந்தான். "அந்த இடத்துல அவ்வளவு நேரம் நிறுத்தினீங்களே அக்கா, அது யாரு யோசனை?"

"யாரா? எம் மருமக!" என்றாள் சியூகிம், ஊருக்கே கேட்கும்படி. "சவுண்டு மேசை அவளோடது. போய் உன் வீட்டுலயும் சொல்லு."

பெக்ஹூன் எழுந்து நின்றாள். "அத்தே, ஒப்பந்தப்படி..."

"உக்காரு. உனக்குச் சட்டை தைக்கத் தெரியாது. நான் பாத்திருக்கேன்."

அந்தச் செம்பட்டு இன்றும் லாரியின் நெற்றியில் இருக்கிறது. போகும்போது பாருங்கள்.

இதோ, அடை வெந்துவிட்டது. சாப்பிடுங்கள், கண்ணுகளா. கடலுக்குப் போன உங்கள் படகு மீனோடு திரும்பட்டும். உங்கள் வீட்டு மாமியாரும் மருமகளும் ஒரே பாட்டை ஆளுக்கொரு காதில் கேட்கட்டும். உங்கள் குடும்பத்தில் யார் பேரும் பாதியில் அறுபடாமல் நீண்டு விளங்கட்டும்.