கைக்கு மட்டும் வேஷம்

அந்தச் சினிமாவில் முகம் ஒருவருடையது, கை இன்னொருவருடையது. குடித்துச் சீரழிந்த ஒருவன் படம் வரைந்து வரைந்தே மீண்டு வருகிற கதை அது. அழுவதற்கு ஹீரோ இருந்தார். தூரிகை பிடிக்கும் கை மட்டும் பெயின்டருடையது. வீட்டுச் சுவர்களுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர், மறுவாழ்வு மையத்தில் பொழுது போகாமல் பக்கத்துக் கட்டில்காரர்களின் முகங்களை வரைய ஆரம்பித்து, அந்தப் பிடிப்பிலேயே பதினோரு மாதம் பாட்டிலைத் தொடாமல் இருந்தார். கதை தேடி அங்கே வந்த டைரக்டர், கதையையும் கையையும் சேர்த்தே அள்ளிக்கொண்டு போனார்.

படம் ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன? பெயின்டருக்கு மனைவி சொன்ன வார்த்தைதான் பெரிது. "ஒரு வருஷம் முழுசா தொடாம இருங்க. அப்புறம் வீட்டுக்கு வாங்க." வீட்டில் ஆறு வயது மகள் இருந்தாள். அந்த ஒரு வருஷம் முடிய இன்னும் ஒரு மாதம்கூட இல்லை.

சினிமாக்காரர்களுக்கு ஏது முன்னும் பின்னும்! கடைசிக் காட்சிக்கான மண்டபம் முதலில் கிடைத்தது என்று அதையே முதலில் எடுத்தார்கள். திருந்திய கை ஒரே இழுப்பில் ஒரு குழந்தையின் கன்னத்தை வரைந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். குடிகாரக் கையின் முறை கடைசியில் வந்தது.

அந்தக் கை நடுங்க வேண்டும். நடுங்கவில்லை. பெயின்டர் வேண்டுமென்றே ஆட்டிப் பார்த்தார். மழையில் நனைந்த கோழி சிலிர்த்துக்கொண்ட மாதிரி இருந்தது. பதினான்காவது டேக்கில் டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மாஸ்டர், நடிக்கிறது தெரியுது. உங்களுக்குத் தெரியாத நடுக்கமா?"

"தெரியும் சார். இப்போ வர மாட்டேங்குதே."

"மூணு நாள் பிரேக். திங்கக்கிழமை எடுப்போம். எப்படியாவது கொண்டு வாங்க. இல்லன்னா வேற கையைத்தான் பாக்கணும்."

எப்படியாவது! பாவி மனுஷன், யாரிடம் எதைச் சொல்கிறோம் என்று யோசித்தாரா? குடித்தால் கை நடுங்கும் என்றுதான் ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். குடிகாரனுக்குத்தான் தெரியும், குடித்தால் நடுக்கம் நிற்கும். குடிக்காத காலையில்தான் அது வரும். ஆக, மூன்று நாள் குடித்துவிட்டுத் திங்கள் காலை நிறுத்தினால் போதும் என்று பெயின்டர் முடிவு செய்தார். வேலைக்காக, மூன்றே மூன்று நாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். முதல் மடக்கில் அழுதார். இரண்டாவது மடக்கில் அழுகை நின்றுவிட்டது.

திங்கள் காலை, தூரிகை தாளைத் தொடும் முன்பே ஆடியது. கோடு தாறுமாறாக ஓடியது, வண்ணக் கிண்ணம் கவிழ்ந்தது. ஒரே டேக்கில் ஓகே. டைரக்டர் ஓடிவந்து கட்டிப்பிடித்தார். வாடை அவர் மூக்கில் ஏறாமல் இருந்திருக்காது. "பின்னிட்டீங்க மாஸ்டர்!" என்றார், அவ்வளவுதான்.

பெயின்டர் நிமிர்ந்தபோது மானிட்டர் பக்கத்தில் மனைவி நின்றுகொண்டிருந்தார். புருஷன் வேலை செய்கிற அழகை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தார். திரையில் கை மட்டும்தான் தெரிந்திருக்கும்.

"உங்க வீட்டுக்காரர் என்னமா நடிக்கிறாரு!" என்றாள் மேக்கப்காரப் பெண்.

மனைவி பெயின்டரின் கையையே பார்த்தார். பெயின்டர் மனைவிக்குக் கிட்டே போகாமல் இரண்டடி தள்ளியே நின்றார்.

"சும்மா... காட்சிக்காகத்தான். நடிப்பு."

"ஒம்பது வருஷம், தினம் காலையில, அந்தக் கைக்குத் தண்ணி டம்ளரைப் பிடிச்சுக் குடுத்தவ நான். என்கிட்டயா?"

சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அப்பாவுக்கு இன்னும் வேலை முடியலன்னு பாப்பாகிட்ட சொல்லிக்கறேன்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பெயின்டருக்குப் பின்னாலேயே ஓட வேண்டும் போல இருந்தது. ஓடி என்ன சொல்வது? வாயைத் திறந்தால் வாடைதான் முதலில் பேசும்.

"மாஸ்டர், எதுக்கும் இன்னொண்ணு எடுத்து வெச்சுக்குவோம்!" என்று டைரக்டர் கூப்பிட்டார்.

பெயின்டர் திரும்பிப் போய் உட்கார்ந்தார். அதுவும் ஓகே ஆனது.