நடுச்சுரம்

பரீட்சை எனக்குத்தான். படுக்கையில் இருந்தது என் மனைவி.

அவள் கீபோர்டு டீச்சர். நான் தையல்காரன், பதினாறு வருஷமாக அவள் வாசித்ததற்கெல்லாம் தலையை ஆட்டியே ஒப்பேற்றியவன். இப்போது அவள் தொண்டையில் ஒரு குழாய், அதன் மறுமுனையில் மூச்சு மெஷின். பேச்சு இல்லை. வீட்டுக்கு அழைத்துப் போகலாம், ஆனால் அடுத்த அறையில் இருந்தாலும் மெஷினின் இரண்டு எச்சரிக்கை ஒலிகளையும் நான் பிரித்துச் சொல்ல வேண்டும் என்று நர்ஸ் கறாராகச் சொல்லிவிட்டார். இரண்டிலும் மூன்று சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும்; ஒரு சேர்க்கைக்கு மேஜர் என்றும் மற்றதற்கு மைனர் என்றும் பெயர். மேஜர் என்றால் பேட்டரி குறைகிறது, ஆற அமரப் பார்க்கலாம். மைனர் என்றால் குழாய் கழன்றுவிட்டது. உடனே மாட்டாவிட்டால் அவள் இல்லை.

மைனர் சோகமாக இருக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி ஒரு வாரம் சோகத்தைத் தேடினேன். அவள் படுத்த நாளிலிருந்து எனக்கு எதுதான் சோகமாக இல்லை? லிஃப்ட் மணிகூட அழுதது. என் கூத்தைப் பார்த்துப் பொறுக்காமல் அவளே பலகையில் எழுதிக் காட்டினாள். கீழ்ச்சுரமும் மேல்சுரமும் இரண்டுக்கும் ஒன்றுதான். நடுச்சுரம்தான் மாறும். கீபோர்டில் கீழ்க்கட்டையை விட்டுவிட்டு, கறுப்பு வெள்ளை பார்க்காமல் மேலே எண்ணினால் நாலாவது கட்டை மேஜருக்கு, மூன்றாவது மைனருக்கு. ஒரே ஒரு கட்டை இறக்கம். அரை இஞ்ச் பிடித்துத் தைப்பவனுக்கு இந்தக் கணக்கு புரியாதா? கட்டை கட்டையாக ஏறி முனகவும் பழகினேன். ஆனால் அந்த ஒலி வந்தாலே எல்லாம் மறந்துபோகும்.

பரீட்சையன்று நர்ஸ் மடியில் பட்டனை அமுக்கினால் அதே ஒலிகளை எழுப்பும் ஒரு பயிற்சி மெஷினுடன் எனக்குப் பின்னால் உட்கார்ந்தார். ஆறு முறை ஒலித்தது. ஆறும் சரியாகச் சொன்னேன். மைனர் வந்தபோதெல்லாம் போர்வைக்கு வெளியே என் மனைவியின் கால் கட்டைவிரல் மடங்கியது.

நர்ஸ் கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினார். வாங்கக் கை வரவில்லை. நான் சமையலறையில் இருக்கும்போது குழாய் கழன்றால் எந்த விரலைப் பார்ப்பேன்?

“சிஸ்டர், நான் ஒண்ணுகூட கேட்டுச் சொல்லல. இவ கால் விரலப் பாத்துதான் சொன்னேன்.”

காரியத்தைக் கெடுத்துவிட்டாயே என்று ஒரு முறை முறைத்தாள் என் மனைவி. வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நர்ஸ் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து மூடினார். மறுபடி எனக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

ஒலி வந்தது. கண்ணை மூடிக் கீழ்ச்சுரத்தைப் பிடித்தேன். வாய்க்குள் முனகியபடி ஏறினேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றிலேயே பொருந்தி நின்றது.

“மைனர். குழாய் கழண்டிருக்கு.”

“நான் இன்னும் பட்டனையே அமுக்கலையேண்ணே,” என்றார் நர்ஸ்.

அவர் எழுவதற்குள் திரையைக் கிழிக்காத குறையாக விலக்கி, அவள் வெடுக்கென்று திரும்பியதில் தளர்ந்து, கழன்று தலையணையில் கிடந்த குழாயை மாட்டிவிட்டேன். அவள் நெஞ்சு ஏறி இறங்கத் தொடங்கியது. மாட்டிய பிறகும் கையை எடுக்க எனக்குப் பயமாக இருந்தது.