ஸ்பூனுக்கு முன்னால்

எலக்ட்ரீஷியன்களுக்குள் அவருக்கு டெஸ்டர் என்று பெயர். மெயினை இறக்கிவிட்டேன், கம்பியில் கரண்ட் இல்லை என்று கூட வேலை செய்கிறவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும், சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து வைத்துப் பார்க்காமல் தொட மாட்டார். தானே போய் இறக்கிவிட்டு வந்தாலும் வைத்துப் பார்ப்பார். தன்னையே நம்பாத மனுஷன் நம்மையா நம்பப்போகிறான் என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். அப்படிச் சிரித்தவர்களில் சிலர் ஷாக் அடித்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவருக்கு வயதாகி, தலை நரைத்து, இன்னும் ஏணி ஏறிக்கொண்டிருக்கிறார்.

சபையிலும் அப்படித்தான். மனைவி போகிறாளே என்று ஞாயிறுதோறும் கூடப் போவார். உள்ளே உட்கார மாட்டார். பக்கத்து அறையில் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொள்வார். எந்தக் குமிழைத் திருப்பினால் போதகரின் குரல் கனமாகும், எதைத் திருப்பினால் உருகும் என்பது அவருக்குத் தெரியும். அதனாலேயே அந்தக் குரலில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஆண்டவர் என்னோடு பேசினார் என்று யாராவது எழுந்து சாட்சி சொன்னால், என் மைக்கில் ஒன்றும் வரவில்லையே என்பார். மனைவி ஒரு பார்வை பார்ப்பாள்.  வருஷக்கணக்கில் ஜெபத்தைக் கேட்டுக் கேட்டு அவர் காது நிறைந்திருந்தது. வாயிலிருந்து மட்டும் ஒரு ஜெபமும் வந்ததில்லை.

வீட்டில் சாப்பாட்டு ஜெபம் அவள் பொறுப்பு. தட்டை வைத்ததும் கண்ணை மூடிக்கொள்வாள். மகள், மருமகன், பக்கத்து வீட்டுக்காரியின் முழங்கால், போதகரின் சளி என்று எல்லோரும் அதில் வந்து போவார்கள். முடிகிற வரை அவர் தட்டில் கை வைக்கக் கூடாது. சூடு ஆறுகிறது என்று முணுமுணுப்பார். கடைசியில் அவள் தனக்கு ஒரு ஆமென் சொல்லுவாள். அவர் சொல்லுகிறாரா என்று சற்றுப் பொறுத்துப் பார்ப்பாள். சொல்ல மாட்டார். அவருக்கும் சேர்த்து இன்னொரு ஆமெனை அவளே சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பிப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த மேஜையில் வேளைக்கு இரண்டு ஆமென். இரண்டும் அவளுடையது.

ஒரு காலையில் துணி காயப்போடப் போனவள் கொடிக்குக் கீழே விழுந்து கிடந்தாள். பக்கவாதம். வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா நல்ல மாதிரி. ஆனாலும் எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டார்: யார் வந்திருக்கிறார்கள், யார் பேசுகிறார்கள் என்பதெல்லாம் இவர்களுக்குப் புரிகிறதா என்பது சந்தேகம்தான். சாப்பாடு இறங்கவில்லை என்றால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும். குழாய் போட்டவரை வீட்டில் ஒரு வயசானவர் தனியாக வைத்துப் பார்க்க முடியாது. இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ள இல்லம் இருக்கிறது.

வெளியூரிலிருந்து வந்த மகள் அந்த இல்லத்தைப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தாள். சுத்தமாக இருக்கிறது என்றாள்.

"அம்மாவுக்கு ஒண்ணுமே தெரியலப்பா. கண்ணுதான் திறந்திருக்கு. உள்ள ஆள் இல்லப்பா."

"யாரு டெஸ்ட் பண்ணிப் பாத்தா?" என்றார் அவர்.

மகள் அழுதாள். அவர் அழவில்லை. மனைவியை வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் ஜன்னல் பக்கமாகக் கட்டிலைப் போட்டார்.

துணைக்கு மனைவியின் தங்கை வந்து தங்கினாள். புருஷனை இழந்தவள். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். அவள் ஊட்டினால் அக்காள் சாப்பிட்டாள். பாலில் ஊறவைத்த ரொட்டியோ மசித்த உருளைக்கிழங்கோ, கொடுத்ததெல்லாம் மெதுவாக இறங்கிற்று. அவர் ஊட்டப் போனால் உதடு ஒட்டிக்கொள்ளும். பல் கிட்டிப்போகும். ஸ்பூன் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பி வரும்.

கோபமாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார். காலமெல்லாம் கிண்டல் பண்ணியதற்கு இப்போது வட்டியும் முதலுமாகத் திருப்பித் தருகிறாள் என்று கொழுந்தியாளிடம் சொன்னார். அவளும் இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் கோளாறைக் கோபம் என்று எழுதி வைத்துவிட்டுப் போகிற ஆள் அவர் இல்லை. ஃபேன் சுற்றவில்லை என்றால் முதலில் சுவிட்ச், பிறகு ரெகுலேட்டர், பிறகு வயர், கடைசியில்தான் மோட்டார். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். எஃகு ஸ்பூனை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் வைத்தார். வலப்பக்கம் உட்கார்ந்தவர் இடப்பக்கம் மாறினார். தலையணையை உயர்த்தினார், தாழ்த்தினார். சூட்டைக் குறைத்தார். மீசையை மழித்துக்கொண்டுகூட ஒருதரம் போய் உட்கார்ந்தார். உதடு அசையவில்லை. கொழுந்தியாள் மட்டும் மீசை இல்லாத அத்தானைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு, கொழுந்தியாள் ஊட்டும்போது கதவோரம் நின்று கவனித்தார். அவள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, தெருவுக்கே கேட்கிற மாதிரி ஜெபம் பண்ணினாள். ஆமென் என்றாள். வாய் திறந்தது. ஒருநாள் போனில் பேசிக்கொண்டே மறதியாக ஸ்பூனை நீட்டினாள். வாய் திறக்கவில்லை. ஐயோ மறந்துட்டேன் அக்கா என்று ஜெபத்தைச் சொன்னாள். திறந்தது.

கோளாறு கிடைத்துவிட்டது. சரிசெய்கிற வழிதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

அவருக்குத் தெரிந்த வழி வேறு. கொழுந்தியாளின் ஜெபத்தைச் செல்போனில் பதிவு பண்ணிக்கொண்டார். சத்தம் நன்றாக வந்திருந்தது. அன்று மதியம் போனைத் தலையணை ஓரத்தில் வைத்து அந்தப் பதிவைப் போட்டுவிட்டு, ஆமென் வந்ததும் ஸ்பூனை நீட்டினார். மனைவி போனைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்தப் பார்வையை அவர் எங்கேயோ பார்த்திருந்தார். என் மைக்கில் ஒன்றும் வரவில்லையே என்று சொல்லும்போதெல்லாம் வாங்கிக்கொண்ட பார்வை அது. ஸ்பூனைத் தட்டில் வைத்தார். பிறகு, தற்செயலாகவும் இருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்துபோனார்.

கொழுந்தியாளின் மருமகளுக்குப் பிரசவம் நெருங்கிவிட்டது. போயே ஆக வேண்டும். பையைக் கட்டி வைத்துவிட்டு அவரிடம் கேட்டாள்.

"ரெண்டு வார்த்தை சொல்றதுல உங்களுக்கு என்ன அத்தான் குறைஞ்சிடப் போகுது?"

"நம்பாம சொன்னா அது பொய்ம்மா. அவளை எவ்வளவோ சீண்டியிருக்கேன். பொய் சொன்னதில்ல."

"அப்ப பட்டினி போடப் போறீங்களா?"

அவர் பையைத் தூக்கிக்கொண்டார். அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

அன்று போதகர் பார்க்க வந்தார். விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது. எல்லாவற்றுக்கும் நன்றி சொல்வதில் ஆரம்பியுங்கள், மற்றது தானாக வரும் என்றார். எதற்கு நன்றி என்று இவர் கேட்டார். கிண்டலாக இல்லை, கேள்வியாகவே கேட்டார். போதகர் கட்டிலைப் பார்த்தார். மடங்கிக் கிடந்த கையைப் பார்த்தார். வாயெடுத்தவர் மூடிக்கொண்டார். வழக்கமாக ஒரு வசனம் சொல்லாமல் எழுந்திருக்காத மனுஷன், இவர் தோளைத் தொட்டுவிட்டுப் பேசாமல் போனார். அத்தனை வருஷத்தில் போதகர் மேல் அவருக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

அன்று மாலை சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலையும் இல்லை. மகளுக்குப் போன் போயிற்று. நாளைக்கு வண்டியோடு வருகிறேன், குழாயைப் போட்டு இல்லத்தில் சேர்த்துவிடலாம், நீங்கள் இனிமேல் பேசக் கூடாது என்றாள். 

மதியம் உருளைக்கிழங்கை வேகவைத்து, கட்டியில்லாமல் மசித்து, கொஞ்சம் பால் விட்டுக் கலக்கிக்கொண்டுவந்து உட்கார்ந்தார். அவள் உதட்டை ஒட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை மூடவில்லை. எதிர்ச் சுவரில், அவரே மாட்டின சுவிட்ச் போர்டைப் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"இங்க பாரு, நீ இருக்கியா இல்லையான்னு எனக்குத் தெரியாது. இருந்தா, இவளுக்கு நீ பண்ணினது எனக்குப் பிடிக்கல. இவ உனக்கு என்ன குறை வெச்சா? உன்னைப் பேசினதெல்லாம் நான். அடிக்கணும்னா ஆளைப் பாத்து அடிச்சிருக்கணும். நன்றி சொல்லச் சொல்றாங்க. எனக்கு வரல. வராததைச் சொல்ல மாட்டேன். இவ சாப்பிடணும். நாளைக்கு இவளைக் கொண்டுபோயிடுவாங்க. இவ இல்லாம இந்த வீட்ல நான் என்ன பண்ணுவேன்? வேற எனக்கு ஒண்ணும் கேக்கத் தெரியாது."

நிறுத்தினார். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை என்று தோன்றியபோது, "ஆமென்" என்றார்.

உதடு திறக்கவில்லை.

அவ்வளவுதான், முடிந்தது என்று ஸ்பூனைத் தட்டில் போட்டார். அவள் கண்ணை எடுக்கவில்லை. சற்றுப் பொறுத்துப் பார்க்கிற பார்வை. தட்டு ஆறிக்கொண்டிருக்க, மேஜைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்துகொண்டு, இந்த மனுஷன் இன்றைக்காவது சொல்லுவானா என்று வேளாவேளைக்குப் பார்த்த பார்வை.

தங்கையிடம் ஒரு ஆமென் போதும். இவரிடம் இரண்டு. அந்தக் கணக்கு இந்த வீட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

"ஆமென்" என்றார் மறுபடியும்.

வாய் திறந்தது.

அவசரமாக நீட்டியதில் உருளைக்கிழங்கு அவள் மேலுதட்டில் ஒட்டிக்கொண்டது. துடைத்துவிட்டு அடுத்ததைக் கொடுத்தார். தட்டு காலியாகிற வரை இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. தட்டைக் கழுவப் போனவர் கழுவின தட்டையே இன்னொரு தரம் கழுவினார்.

மறுநாள் வண்டியோடு வந்த மகள் கதவோரம் நின்று கேட்டாள். மகளுக்கு முன்னால் சொல்ல அவருக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் முந்தின நாள் சொன்னதில் ஒரு வார்த்தையையும் குறைக்கவில்லை. வண்டி வந்திருப்பதைப் பற்றி ஒரு புகாரையும் சேர்த்துக்கொண்டார். இரண்டு ஆமென் சொன்னார். அம்மா சாப்பிட்டாள்.

"அப்பா, இது ஜெபமா, சண்டையா?"

"தெரியலம்மா. சாப்பிடறா."

உள்ளே ஆள் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். மகள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். வண்டிக்காரனை அனுப்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு வேளாவேளைக்குச் சுவிட்ச் போர்டோடு பேச்சு நடந்தது. ஒரே புகாரை எத்தனை நாள் சொல்லுவது? அவருக்கே அலுத்துப்போயிற்று. சுருக்கமாக முடிக்கப் பார்த்தால் அவள் உதட்டைத் திறக்கவில்லை. நீளம் போதவில்லை போலிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரியின் முழங்காலைச் சேர்த்துக்கொண்டார். சேர்த்துக்கொண்ட பிறகு, தெரியாமல் எப்படிச் சொல்வது என்று அந்தம்மாவிடமே போய் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். இத்தனை வருஷம் ஏறெடுத்தும் பார்க்காதவர் வந்து கேட்டதில் அந்தம்மா பயந்தே போனாள். தேவலாம் என்றாள். அதையும் அன்று மதியம் சுவிட்ச் போர்டிடம் சொன்னார்.

வேளைக்கு ஒருதரமாவது அவளுக்குப் புரையேறும். ஒருநாள் காலைச் சாப்பாடு முழுக்கப் புரையேறாமல் இறங்கிற்று. மறுவேளை உட்கார்ந்தபோது, "காலையில புரையேறல. அதுக்கு..." என்று ஆரம்பித்தவர், அந்த வார்த்தை வாய்க்குள் நின்றதும், "சரி" என்று முடித்துக்கொண்டார். அவள் அதை ஏற்றுக்கொண்டாள்.

அன்றைக்கே, அடுப்பங்கரையில் நின்றபடி தனக்கென்று ஒரு துண்டு ரொட்டியை எடுத்தவரின் கை பாதியில் நின்றது. ஊட்ட ஆள் இல்லை, பார்க்க ஆள் இல்லை. இங்கே எதற்கு நிறுத்தினோம் என்று அவருக்கு விளங்கவில்லை. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார், பழக்கதோஷம். டெஸ்டரை வைத்துப் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. முன்பு வாய்க்குள் நின்ற அந்த வார்த்தையை மெதுவாகச் சொன்னார். நன்றி. சொன்னதில் பொய் இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தார். இருப்பதாகத் தெரியவில்லை. ரொட்டியைச் சாப்பிட்டார்.

பேரக்குழந்தை பிறந்து, வீட்டில் வேலை ஓய்ந்து, கொழுந்தியாள் திரும்பி வந்தாள். வந்ததும் தட்டை வாங்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். அக்காளைப் பார்த்த சந்தோஷத்தில் ஜெபம் இரண்டு தெருவுக்குக் கேட்டது. ஆமென் என்று ஸ்பூனை நீட்டினாள்.

உதடு திறக்கவில்லை. அக்காளின் கண் கதவுப்பக்கம் போயிற்று.

"என்ன அத்தான் இது? என்னை மறந்துட்டாளா?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஸ்பூனை வாங்கினார். சூடு ஆறுது என்று முணுமுணுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து ஆரம்பித்தார். கொழுந்தியாள் வந்து சேர்ந்ததைச் சொன்னார், அவள் குரலை யாராவது கொஞ்சம் குறைத்துவைத்தால் தேவலை என்றார், முழங்காலைச் சொன்னார், புரையேறாமல் இருந்த நாட்களுக்கு நன்றி சொன்னார், கை இன்னும் வரவில்லை என்பதையும் மறக்காமல் சொன்னார். "ஆமென்."

இரண்டாவதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தொண்டையில் கிளம்பி மூக்கு வழியாக வந்த சின்னச் சத்தம். வார்த்தை என்று அதைச் சொல்ல முடியாது.

கொழுந்தியாள் அழுதுகொண்டே அது ஆமென்தான் என்றாள்.

"ஏப்பமா இருக்கும்" என்றார் அவர்.

ஆனால் இரண்டாவது ஆமெனை அவர் சொல்லவில்லை. ஸ்பூனை நீட்டினார்.