செபநாயகத்தின் கனத்த சத்தம்

யாழ்ப்பாணத்தில் போர் நடந்த தொண்ணூற்றோராம் ஆண்டில், கோயில் பாட்டுக்குக் கிற்றார் வாசிப்பது தன் தகுதிக்குக் குறைவு என்று குருநகர் செபநாயகம் அறிவித்தான். ஜெர்மனியிலிருந்து வந்த டெத் மெட்டல் பாட்டுக் கசற்றில் கேட்ட சத்தம் மட்டுந்தான் சங்கீதம், மற்றதெல்லாம் தாலாட்டு.

ஊரில் மின்சாரம் இல்லை. பற்றறிக்குத் தடை. ஆகவே மச்சான் பிலிப்பு, ஸ்டாண்டில் நிறுத்திய சைக்கிளை உழக்கினான். அதன் டைனமோவில் சத்தத்தைக் கரகரப்பாக்கும் கிற்றார் பெடலும், பழைய ரேடியோவில் செய்த அம்ப்ளிஃபயரும் உயிர் பெற்றன. செபநாயகம் தந்திகளைத் தளர்த்தி, பெடலின் திருகை முழுதாகத் திருப்பி, ஒரு அடி அடித்தான். நிலத்துக்குக் கீழிருந்து வருவது போல ஓர் உறுமல் எழுந்தது.

தெரு முழுவதும், சைக்கிளை விட்டுக் குதித்த பிலிப்பும் சேர்த்து, விமானக் குண்டுக்குப் பதுங்க வெட்டிய பங்கருக்குள் பாய்ந்தது.

ரசிகர்கள் மண்ணுக்குள் போனதைக் கலைஞனால் பொறுக்க முடியவில்லை. பங்கர் வாசலில் குனிந்து கத்தினான்:

"குண்டு போடுற பொம்மர் பிளேன் இல்லை! அது என்ரை கிற்றார். வெளியிலை வந்து கேளுங்கோ!"

"நாசமாப் போவானே! உதுக்கோ சோத்தை அடுப்பிலை விட்டிட்டு ஓடி வந்தனான்?" மக்டலீன் அக்கா சேலையில் மண்ணைத் தட்டிக்கொண்டு ஏறினாள். மற்றவர்களும் ஏறி, முற்றத்தில் கூடிநின்றார்கள்.

செபநாயகம் கிற்றாரை மாட்டினான். "பிலிப்பு, இன்னும் கனம் வேணும். உழக்கு!"

கண்ணை மூடித் தந்தியில் அடித்தான். உறுமல் முன்னையைவிடக் கனமாக வந்தது. தகரக் கூரை அதிர்ந்தது.

"இது! இதுதான் நான் தேடின சத்தம்!"

"மச்சான்," என்றான் பிலிப்பு, "நான் இன்னும் சைக்கிளிலை ஏறேல்லை."