பன்னிரண்டாவது வாஷர்

இதைச் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே நிச்சயமில்லை. எழுபத்தொன்றாம் வருடம் என்று தோன்றுகிறது, எழுபத்திரண்டாகவும் இருக்கலாம். மாசி மகம் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது என்பது மட்டும் உறுதி. லாரி மெக்கானிக் கோதண்டபாணி எப்போது சொன்னாலும் அந்த நாளை மகத்திலிருந்துதான் எண்ணிக்கொண்டு வருவார். மற்றதெல்லாம் அவர் பல வருடங்களில், கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னவை. விட்டுப்போன இடங்களை நானே நிரப்பியிருக்கவும் கூடும்.

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் இருந்த அவருடைய ஷெட்டுக்குக் காலை எட்டு மணிக்கு அந்த லாரி வந்து நின்றது. ஓட்டி வந்தவன் பழமலை. முதலாளி நடராசன் கையில் மூங்கில் குச்சியோடு இறங்கினார். டாங்கியில் விட்டு டீசலை அளப்பதற்காகக் கோடு கிழித்து வைத்திருந்த குச்சி. பீங்கான் கம்பெனிகளிலிருந்து ஃப்யூஸ் கட்டைகளையும் கோப்பைகளையும் வைக்கோலில் அடுக்கி மெட்ராசுக்குக் கொண்டு போகும் வண்டி அது. இரண்டு மாதமாக ஒவ்வொரு நடையிலும் டீசல் குறைந்தது. வேப்பூர் ரோட்டோரச் சாப்பாட்டுக் கடையில் பழமலை கேனில் பிடித்து விற்கிறான் என்று யாரோ நடராசன் காதில் போட்டிருந்தார்கள்.

"ஒழுவுதுங்கறான். ஒழுவுற எடத்தக் காட்டு கோதண்டம். சாயங்காலத்துக்குள்ள காட்டலன்னா சாவிய வாங்கிடுவேன். அப்பறம் இந்த ஊர்ல எவன் இவன நம்பி வண்டியக் குடுக்கறான்னு பாக்கறேன்."

பழமலை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். திருடன் என்று ஒரு முறை பேர் விழுந்துவிட்டால் சேத்தியாத்தோப்பு வரைக்கும் எந்த முதலாளியும் அவனை வண்டியில் ஏற்ற மாட்டார் என்பது அங்கிருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

கோதண்டபாணி டாங்கியிலிருந்து தொடங்கினார். குழாய் வழியே விரலை ஓட்டி, ஒவ்வொரு இணைப்பிலும் நின்று, முகர்ந்து பார்த்துக்கொண்டே இன்ஜின் வரை வந்தார். எல்லா இடத்திலும் பழைய அழுக்கு. அதில் எது நேற்றைய ஈரம், எது போன வருடத்து ஈரம் என்று பிரிக்க முடியவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவித் துணியால் துடைத்து வெயிலில் காயவிட்டார். பழமலையின் மனைவி ஆதிலட்சுமி ஒரு பீங்கான் கம்பெனியில் மண் சலிக்கிறவள். அவளிடம் கொஞ்சம் வெள்ளை மண் தூள் கொண்டுவரச் சொல்லி அனுப்பினார்.

சாப்பாட்டு நேரத்தில் அவள் வந்தாள். முழங்கை வரை வெள்ளை, புருவத்திலும் வெள்ளை. மெருகு பூசாமல் விளிம்பு உடைந்து கழித்துப் போட்ட ஒரு சாசரில் தூளைக் குவித்து, முந்தானையால் மூடிக்கொண்டு வந்திருந்தாள். கோதண்டபாணி அதை மெல்லிய துணியில் முடிந்து இன்ஜின் மேல் தட்டினார். பம்பு, குழாய்கள், திருகுகள் எல்லாம் வெளுத்தன.

"என்னாண்ணே, பொண்ணு பாக்க வர்றாங்களா? இப்படிப் பவுடர் அடிக்கிறீங்க" என்றாள்.

"பாக்கத்தான் வர்றாங்க. எங்க ஈரம் பட்டாலும் காட்டிக் குடுத்துடும்."

மங்கலம்பேட்டை வரை போய்த் திரும்பினார்கள். நடராசனும் கூடவே போனார். ஷெட்டில் பானெட்டைத் தூக்கியபோது நால்வரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். ரோட்டுப் புழுதி லேசாகப் படிந்திருந்ததைத் தவிர எங்கும் ஒரு கறை இல்லை. வெள்ளை அப்படியே காய்ந்து கிடந்தது.

"நல்லாப் பாத்துக்கம்மா" என்றார் நடராசன். "நீ கொண்டாந்த மண்ணுதான்."

அவள் நிமிர்ந்தாள். "நாங்க பிராது கட்டிட்டோம் மொதலாளி. திங்கக்கெழம, கொளஞ்சியப்பர் கோயில்ல. எவனால எங்களுக்கு இந்தப் பழி வந்துதோ அவன மூணு மாசத்துக்குள்ள நீயே கேளு சாமின்னு எழுதிக் கட்டியிருக்குது. பேரு போடல. சாமிக்குத் தெரியும்."

நடராசனுக்கு முகம் சுருங்கியது. பிராது என்றால் அவருக்கும் பயம்தான். குச்சியைச் சுவரில் சாய்த்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

பழமலை மட்கார்டில் கையை ஊன்றிக்கொண்டான். "இந்த வண்டிய எப்படி வெச்சிருந்தேன் மேஸ்திரி. போற எடத்துலயெல்லாம் ஒங்க பேரத்தான் சொல்லுவேன். கோதண்டபாணி கை வெச்ச இன்ஜினு எண்ணெ குடிக்காதும்பேன். மகத்துலேருந்து ஒரு கரண்டி ஊத்தல, தெரியுமா? கோட்டுக்கு மேலதான் நிக்குது. இதுவா திருடன் ஓட்டுற வண்டி?"

கோதண்டபாணி துணியை மடித்துக்கொண்டிருந்தார். மடித்துக்கொண்டே இருந்தார். அந்தப் பழைய இன்ஜின் நடைக்கு அரை லிட்டர் இன்ஜின் எண்ணெய் குடிக்கிறது. அது திருந்துவதற்கு அவர் எதுவும் செய்திருக்கவில்லை. காலையிலேயே எண்ணெய் மட்டம் காட்டும் கம்பியை உருவிப் பார்த்திருக்க வேண்டும். ஏன் பார்க்கவில்லை என்று பின்னாளில் பல தடவை யோசித்ததாகச் சொன்னார். அந்தக் கம்பியின் பக்கம் தன் கை போகவே மறுத்ததோ என்று சந்தேகம் அவருக்கு.

கம்பியை உருவினார். எண்ணெய் மேல்கோட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே நின்றது. விரலில் தேய்த்தால் வழவழப்பு இல்லை. தூள் இருந்த சாசரைத் தட்டிக் காலியாக்கி அதில் ஒரு சொட்டு விட்டார். மெருகில்லாத பீங்கான் குடித்தது. நடுவில் கறுப்பு அப்படியே நிற்க, அதைச் சுற்றி வெளிறிய மஞ்சள் வளையம் ஒன்று மெல்ல விரிந்து விளிம்பை நோக்கிப் போயிற்று. நல்ல எண்ணெய் அப்படிப் போகாது. அது டீசல்.

"வெளிய ஒழுவல" என்றார். "உள்ள ஒழுவுது."

உள்ளே ஒழுக ஒரே இடம்தான். மேல்மூடிக்கு அடியில், இன்ஜெக்டர்களில் மிஞ்சுகிற டீசலைத் திருப்பி அனுப்பும் சின்னக் குழாய். ஆறு இணைப்பு, இணைப்புக்கு இரண்டாகப் பன்னிரண்டு செப்பு வாஷர். மகத்துக்கு முதல் நாள் அந்த மூடியைத் திறந்து மூடியவர் அவரே. புது வாஷர் கிடைக்காது. பழையதையே அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் செம்பு இளகி, இணைப்பை ஒழுகாமல் அடைக்கும். அன்று நடராசன் வாசலில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். பதினொன்றைக் காய்ச்சியது நன்றாக நினைவிருந்தது. பன்னிரண்டாவது தரையில் உருண்டோடியது, குனிந்து எடுத்தது, அதுவும் நினைவிருந்தது. எடுத்து அடுப்பில் போட்டாரா, நேராக மாட்டினாரா என்பதுதான் நினைவில் இல்லை.

டீ குடித்துவிட்டு நடராசன் திரும்பியபோது மேல்மூடி கழன்றிருந்தது, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நாலாவது இணைப்பில் ஒரு சொட்டு டீசல் திரண்டு, கனத்து, உள்ளே விழுந்தது. அடுத்தது திரண்டது. ஆதிலட்சுமி உதட்டுக்குள் எண்ணுவது போல் இருந்தது.

இன்ஜினை நிறுத்தி வாஷரைக் கழற்றினார். காய்ச்சிய செம்பு நகத்துக்கு இணங்கும். இது இணங்கவில்லை. பழைய அழுத்தத்தின் கோடு அப்படியே இருந்தது.

"பழசு மொதலாளி, தேஞ்சிருக்கும். வாஷர் என்னா பண்ணும்" என்று பழமலையே முந்திக்கொண்டு சொன்னான். அவனுக்குப் புரிந்துவிட்டிருந்தது. கோதண்டபாணி அவனைப் பார்த்தார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடலாம். அங்கே அதை மறுக்க யாருமில்லை.

"தேயல" என்றார். "காச்சாம மாட்டியிருக்குது. நான்தான் மாட்டுனேன். இன்னும் நாலு நடை போயிருந்தா பேரிங்கு போயிருக்கும்."

நடராசன் வாஷரை வாங்கிப் பார்த்தார். அவருக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. சாவியை மட்கார்டின் மேல் வைத்தார். பழமலையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வேலைய முடிச்சு அனுப்பு" என்று கோதண்டபாணியிடம் சொன்னார். "இதோட இந்த வண்டி இங்க வராது."

அடுப்பில் வாஷர் சிவந்தது. தண்ணீரில் விழுந்து சீறியது. மாட்டி முறுக்கினார். கெட்டுப்போன எண்ணெயை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினார். அரைமணி ஓடவிட்டும் நாலாவது இணைப்பு உலர்ந்தே இருந்தது. பழமலை சாவியை எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தான்.

ஆதிலட்சுமி நின்றாள். "நாளைக்கே போயி பிராத வாபஸ் வாங்கிட்டு வந்துடறேண்ணே."

"கட்டுனது கட்டுனபடியே இருக்கட்டும்மா."

"ஒங்க பேர எழுதலியேண்ணே."

அவர் சாசரைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடராசன் எழுபத்துநாலில் லாரியை விற்றுவிட்டு அரிசி மண்டி வைத்தார். பழமலை வேறொரு முதலாளியிடம் பதினாறு வருடம் ஓட்டினான். வேப்பூரில் பழையபடி கோதண்டபாணி பேரைச் சொல்வானாம். எண்ணெய்ப் பேச்சை மட்டும் எடுப்பதில்லை. ஆதிலட்சுமி கம்பெனி மூடும்வரை மண் சலித்தாள். பிராதை வாபஸ் வாங்கினாளா என்று கோதண்டபாணி அவளைக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பிராதில் கெடு வைத்த அந்த மூன்று மாதமும் அவர் தினமும் ஷெட்டைத் திறந்தார். அதற்குப் பிறகும் இருபது வருடம் திறந்தார். அவர் போன பின் ஷெட்டைக் காலி செய்தபோது, ஸ்பானர் பலகையில் அந்தச் சாசர் இருந்தது. நடுவில் கறுப்பு, சுற்றி வெளிறிய வளையம். வளையம் விளிம்புக்கு ஒரு நூல் முன்னால் நின்றிருந்தது.