பேச்சியம்மாவின் தோடு

தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வாசலில் இரண்டு நாற்காலிகள் போட்டிருந்ததைக் கண்டதுமே ஏதோ தவறு நடக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. மேல்பிரிவு லயத்தில் யாரிடமும் நாற்காலி கிடையாது. கணக்கப்பிள்ளை வீட்டிலிருந்து யாரோ தலையில் சுமந்து ஏற்றியிருக்கிறார்கள். வாசல் முழுக்கச் சாணம் மெழுகிக் கோலம். வரிசையாய் ஒட்டியிருந்த ஒற்றை அறைக் காம்பராக்களின் பெண்களெல்லாம் திருவிழாவுக்கு உடுத்தும் சேலையில் நின்றார்கள். பிள்ளைகளின் நெற்றியில் எண்ணெய் வழிந்தது. சேலையில் சேறு படாமல் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தபடி எனக்குப் பின்னால் ஏறி வந்த திருமதி அருளம்பலம் மூச்சு வாங்க நின்றார்.

"என்ன பிள்ளை, கலியாண வீடு மாதிரியெல்லே கிடக்கு."

அவரைக் கொழும்பிலிருந்து இந்த மலைக்கு ஏற்றிக்கொண்டு வர எனக்கு ஒரு வருஷம் பிடித்திருந்தது. பேராதனையில் பட்டம் வாங்கிவிட்டு வந்த என்னை, ஹட்டனில் இருந்த எங்கள் மாணவர் உதவிச் சங்கம் நன்கொடைச் செயலாளர் ஆக்கியது. பெயர் பெரிது, வேலை கையேந்துவது. தோட்டத்தில் பிறந்து படித்த முதல் பெண் என்பதால் எனக்குக் கேட்க உரிமை இருக்கிறது என்று சங்கத்து ஆட்கள் நினைத்தார்கள். கொடுக்கிறவர்களைப் பற்றி நான் கற்றுக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. ஹட்டனில் துணிக்கடை வைத்திருந்த சரிபுதீன் முதலாளி வருஷா வருஷம் சீருடைத் துணி தருவார், பெயரை எங்கும் போடக்கூடாது என்பார். இன்னொருவருக்குப் பெயர்ப்பலகை வேண்டும், அதுவும் ரோட்டைப் பார்த்து. திருமதி அருளம்பலம் தலைவியாக இருந்த மாதர் சபைக்கு வேண்டியது, தாங்கள் படிக்கவைக்கப்போகும் பிள்ளையை நேரில் பார்ப்பது. பார்த்துத் திருப்தியானால் ஹட்டன் விடுதியில் அவளுடைய முழுச் செலவையும் ஏற்பார்கள். அடுத்த வருஷம் இன்னும் பல பிள்ளைகள். பார்க்காமல் ஒரு சதமும் கிடையாது.

அந்தப் பிள்ளை மீனம்மா. பதின்மூன்று வயது. தோட்டத்துப் பள்ளியில் படிக்க இருந்ததையெல்லாம் படித்து முடித்துவிட்டாள். பொங்கல் கழிந்ததும் அவளுடைய பேரைக் கொழுந்து பறிக்கும் கூலிக்குப் பதியச் சொல்லித் தோட்டத்தில் உத்தரவாகியிருந்தது. பேர் பதிந்தால் கூடைதான், பிறகு சாகும்வரை கொழுந்துதான். முதல்முறை நான் அந்தப் பள்ளிக்குப் போயிருந்தபோது, லயத்துக் கூரைக்கு மேலாகப் போகும் கம்பிகளைக் காட்டி அவள் கேட்டாள்: "அக்கா, நோட்டன் பிரிட்ஜுல தண்ணிய மறிச்சுக் கரண்டு எடுக்குறாங்க. அது எங்க தலைக்கு மேலயே போவுது. எங்க வீட்டுக்குள்ள மட்டும் ஏன் எறங்க மாட்டேங்குது?" பள்ளிக்கூடத்து வாத்தியார் அவளை அதட்டினார். நான் அன்றே அவளுடைய பெயரைக் கொழும்புக்கு எழுதினேன்.

இப்போது அவளுடைய அம்மா வேலாயி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை சொரசொரவென்றிருந்தது. "தங்கச்சி, எல்லாம் சரியா இருக்கா பாரு. ஏதும் கொறைன்னா இப்பவே சொல்லிரு."

"படிப்புக்குத்தானேக்கா வந்திருக்காங்க. எதுக்கு இதெல்லாம்?"

"படிப்புக்குத்தான்னு தெரியாதா? நாங்க என்ன மடச்சிகளா? இருந்தாலும் வெளியூர்லேருந்து ஒருத்தங்க பொம்பளப்புள்ளயப் பாக்க வரும்போது வெறுங்கழுத்தோடயா நிறுத்த முடியும்?"

பின்னால் நின்ற பக்கத்துக் காம்பராப் பேச்சியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "மாப்பிள்ளைய மட்டும் கார்லயே விட்டுட்டு வந்துட்டாங்க போல" என்றாள். பெண்கள் குலுங்கினார்கள். அந்தச் சிரிப்பில் பயம் இருந்தது. மீனம்மாவின் அப்பா பழனியாண்டி துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டவர், கும்பிட்ட கையை இறக்கவேயில்லை.

அந்த லயத்துக்கு வெளியாள் வந்து ஒரு பெண்ணைப் பார்ப்பது என்றால் ஒரே ஒரு வழக்கம்தான் உண்டு, கலியாணத்துக்குப் பெண் பார்ப்பது. அதை அவர்கள் ஒரு பிசகில்லாமல் செய்தார்கள். மீனம்மா பித்தளைத் தட்டில் தேத்தண்ணி கொண்டுவந்தாள். அகலமான சரிகைக் கரை போட்ட பச்சைச் சேலை அவளுக்குப் பெரிதாக இருந்தது, நடக்கும்போது காலைத் தட்டியது. கழுத்தில் சங்கிலி. காதில் சிவப்புக் கல் தோடு. தலையை நிமிர்த்தவில்லை. தட்டை வைத்துவிட்டுத் திருமதி அருளம்பலத்தின் காலில் விழுந்து எழுந்து, சுவரோரமாய் நின்று பெருவிரலால் தரையைக் கீறினாள்.

"பிள்ளைக்கு என்ன படிக்க விருப்பம்?"

மீனம்மா பேசவில்லை. பெண் பார்க்கிற இடத்தில் பேசுகிறவள் அடங்காதவள். "எது படிக்கச் சொன்னாலும் படிப்பாளுங்க" என்றாள் வேலாயி.

"அவவைச் சொல்ல விடுங்கோ."

"மீனா, கரண்டு பத்திக் கேட்டியே, அதச் சொல்லு" என்றேன். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். மறுபடி தலை குனிந்துகொண்டது. என் வாழ்க்கையில் நான் யாரையும் பிடித்து உலுக்க அவ்வளவு ஆசைப்பட்டதில்லை. உலுக்க வேண்டியது யாரை என்றுதான் தெரியவில்லை.

திருமதி அருளம்பலம் கைப்பையிலிருந்து சின்னக் கமெராவை எடுத்தார். சபையின் ஆண்டு மலரில் போட ஒரு படம் வேண்டுமாம். கண்ணை வைத்துப் பார்த்தார், பிறகு இறக்கினார். "அம்மா, இந்த நகையெல்லாம் பிள்ளையின்டதோ?" என்று வேலாயியிடம் கேட்டார். குரலில் கடுமை ஒன்றுமில்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

"ஆமாங்க. எல்லாம் அவளோடதுதான். எம்மவளுக்கு ஒரு கொறையும் வச்சதில்லீங்க."

யாரும் அசையவில்லை. சேலைக்குச் சொந்தக்காரி அங்கே நின்றாள், சங்கிலிக்குச் சொந்தக்காரி அங்கே நின்றாள். பேச்சியம்மா ஒரு அடி முன்னால் வந்து, "தோடு அவ அம்மாயி போட்டதுங்க. சிலோனுக்குக் கப்பலேறும்போதே கொண்டாந்தது" என்றாள். அவளுடைய காதுகள் இரண்டிலும், தோடு கழற்றிய துளை தூர்ந்துவிடாமல், ஈர்க்குச்சி செருகியிருந்தது. வாய் கூசாமல் அப்படி ஒரு அழகான பொய்யை அவள் சொன்னாள்.

நான் அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் மீனம்மா ஹட்டனுக்குப் போயிருக்கலாம். வேலாயியின் முகம் என்ன ஆகியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். என்னைப் பெற்றவளும் அதே மாதிரி முகத்தோடு வாசலில் நின்றவள்தான். நான் வாயைத் திறக்கவில்லை. படமும் எடுக்கப்படவில்லை.

காருக்கு இறங்கும் வழியில் திருமதி அருளம்பலம்தான் முதலில் பேசினார். "இது வசதியான குடும்பமெல்லே. நீர் எனக்கு உண்மையாக் கஷ்டப்படுற பிள்ளையை எல்லே காட்டியிருக்க வேணும்?"

"அந்த நகை இரவல்ங்க. சேலை, தட்டு, நாற்காலி எல்லாமே இரவல். அந்தக் காம்பராவுல சொந்தமா இருக்கிறது ஒரு கம்பளியும் ரெண்டு சட்டியும்."

அவர் நின்றுவிட்டார். "அப்ப, தாய் பொய் சொன்னவ."

"உங்க வீட்டுக்கு விருந்தாளி வந்தா நீங்க நல்ல கோப்பைய எடுத்து வைக்க மாட்டீங்களா? அவங்ககிட்ட அது இல்ல. பக்கத்து வீட்டுல வாங்கி வச்சாங்க."

"என்ர கோப்பையை மட்டும்தான் நான் என்ர எண்டு சொல்லுவன். பொய் சொல்லுற குடும்பத்துக்குச் சபையின்ர காசைக் குடுத்தனெண்டு நான் மெம்பர்மாருக்கு என்னெண்டு சொல்லுறது?"

"கொஞ்சம் முன்னாடி வசதியான குடும்பம்னீங்க. இப்ப பொய் சொல்ற குடும்பம்ங்கிறீங்க. எப்படி நின்னா உங்களுக்குப் பிடிக்கும்? இடுப்புல படங்குச் சாக்கக் கட்டிக்கிட்டு, மூக்கு ஒழுக நின்னிருக்கணுமா?"

டிரைவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். அவர் ஏறி உட்கார்ந்து சேலையை ஒதுக்கிக்கொண்டார். "உமக்குக் கோவம் கூடிப்போச்சு. இந்த வேலைக்கு அது சரிவராது. சபையில கதைச்சுப்போட்டுக் கடிதம் போடுறன்" என்றார். நான் ஏறவில்லை. கார் வளைவில் மறைந்த பிறகும் அதன் சத்தம் வெகுநேரம் பள்ளத்தில் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுபடி மேலே ஏறினேன். யாரும் உடை மாற்றியிருக்கவில்லை. நாற்காலிகள் போட்டது போட்டபடி இருந்தன. நான் மட்டும் தனியாக வருவதைப் பார்த்ததும் பெண்கள் வாசல் விளிம்புக்கு வந்தார்கள்.

வேலாயி கேட்டாள். "என்ன தங்கச்சி சொன்னாங்க?"

"கடுதாசி போடுறாங்களாம்."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் வேண்டாம் என்பதை வேறு எப்படியும் சொல்வதில்லை. ஊருக்குப் போய்க் கடுதாசி போடுகிறோம் என்றுதான் சொல்வார்கள். அந்த வாசலில் நின்ற அத்தனை பெண்களுக்கும் அது தெரியும். பழனியாண்டி துண்டைத் தலையில் சும்மாடாகச் சுற்றிக்கொண்டு ஒரு நாற்காலியைத் தூக்கி வைத்தார். கணக்கப்பிள்ளை வீட்டுக்கு இறங்குகிற பாதையில் நாற்காலியின் நாலு கால்களும் தேயிலைக்கு மேலே வானத்தைப் பார்த்தபடி போயின.

"விடு வேலாயி" என்றாள் பேச்சியம்மா. "நம்ம புள்ளைக்கு என்ன கொறை? அவங்களுக்குப் பாக்கத் தெரியல."

பாத்திரம் தேய்க்கிற சத்தம் தொடங்கியது. பனி இறங்கிக் கம்பிகளை மறைத்தது. காம்பராவுக்குள் மீனம்மா சேலையை அவிழ்த்து, மடிப்புக் கலையாமல் நீவி நீவி மடித்துக்கொண்டிருந்தாள். சங்கிலி ஏற்கெனவே போய்விட்டிருந்தது. சுவரோரம் ஒரு தகரப் பெட்டி, விடுதிக்கென்று கழுவிக் காயவைத்தது, மூடி திறந்தபடி கிடந்தது. அவள் ஒரு தோட்டைக் கழற்றிப் பேச்சியம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். மற்றது வரவில்லை.

"அக்கா, இதக் கொஞ்சம் கழட்டி விடுறீங்களா?"

திருகு இறுகியிருந்தது. என் விரல்கள் குளிரில் மரத்திருந்தன. அவள் வலியைக் காட்டிக்கொள்ளாமல் நின்றாள்.

"நான் அந்தக் கரண்டு விஷயத்தச் சொல்லியிருக்கணுமோ அக்கா?"

திருகு கழன்றது. சிவந்துபோயிருந்த காதின் துளை கண்ணெதிரே சிறிதாகிவிடும் போலிருந்தது. விளக்குமாற்றிலிருந்து புதிதாக ஒடித்த ஈர்க்குத் துண்டு ஒன்றை அவள் என்னிடம் நீட்டி, தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினாள்.